ஏழாவது வரிசை

எங்கள் அக்கா பெரிய பிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட அன்று வீட்டில் மூன்று பேர் அழுதோம். அம்மா சந்தோஷத்தில் அழுதார். அக்கா வயிற்று வலியில் அழுதாள். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லையே என்ற ஆத்திரத்தில் நான் அழுதேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. மாமா அழவில்லை. அழுவதற்கு அவருக்கு வீட்டுக்குள் இடம் கொடுக்கப்படவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்த அக்கா குளியலறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்ட ஐந்தாவது நிமிடம், அம்மாவின் தம்பியான அவர் தன்னுடைய பெட்டியும் கையுமாகப் படிக்கட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த நேரத்தில் தாய்மாமன் முகத்தில் பிள்ளை விழிக்கக் கூடாதாம். நாலாம் மாடிப் படியில் குந்தியிருந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "உள்ளுக்கு என்ன நடக்குது?" என்று அவர் என்னிடம் கேட்டார். அதைத்தான் நானும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மாமா அதைக் 'குரூவ் பொக்ஸ்' என்பார். அப்பாவுக்கு அது 'விளையாட்டுச் சாமான்'. அம்மா 'அந்த டிக் டிக்' என்பார். ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த சிநேகிதன் ஒருவன், திரும்பிப் போகும்போது பயணப் பெட்டியில் பாரம் கூடிவிட்டதென்று மாமாவிடம் விட்டுவிட்டுப் போனது. பெரிய பிஸ்கட் டின் மூடியளவு அகலம்தான் இருக்கும். மேளம், தாளம், கிற்றார், பியானோ எல்லாம் அந்த ஒன்றுக்குள்ளேயே அடக்கம். ஆட வைக்கும் பாட்டு ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வேறு ஒருவர் உதவியும் இல்லாமல் அதிலேயே செய்து முடிக்கலாம்.

முன்பக்கத்தில் பதினாறு ரப்பர் பொத்தான்கள் இருந்தன. அமத்திய பொத்தானுக்குள் சிவப்பு வெளிச்சம் எரியும். பிறகு பச்சை வெளிச்சம் ஒன்று இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கும். அது சிவப்புப் பொத்தானைத் தொடும்போதெல்லாம் சத்தம் வரும். கடைசிப் பொத்தானுக்குப் போனதும் திரும்ப முதலிலிருந்து ஓடும். இப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாக எட்டு வரிசை வைக்கலாம், வரிசைக்கு ஒரு சத்தம். எட்டும் நிரம்பிவிட்டால் கால் சும்மா இராது என்று மாமா சொல்வார்.

மாமா எங்களோடுதான் இருந்தார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், இரண்டு அறை உள்ள வீடு. பகலில் கணினிக் கடையில் வேலை. பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்து முடிய, அவரும் அக்காவும் சன்னலோரம் உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டியில் ஒரு காதொலிக் கருவிதான் பூட்டலாம். மாமா எங்கேயோ தேடி, ஒன்றை இரண்டாக்குகிற சின்னச் சாமான் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டியிருந்தார். ஆகவே இரண்டு பேர் கேட்கலாம். மூன்றாவது ஆளுக்கு வழியில்லை. அந்த மூன்றாவது ஆள் நான்.

என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இப்படித்தான் இருக்கும். சத்தமே இல்லாத அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தலையை ஆட்டுகிறார்கள். ரப்பர் பொத்தான் 'டிக்' என்கிறது. அக்கா ஒரு வெளிச்சத்தை அணைத்து அடுத்ததில் போடுகிறாள். மாமா கண்ணை மூடிச் சிரித்துவிட்டு, "எங்கயிருந்து பிள்ளை உனக்கு இதெல்லாம் வருது?" என்கிறார். அவர் வைக்கிறதெல்லாம் சுவரில் ஆணி அடித்தது போல ஒழுங்காக இருக்குமாம். அக்கா வைப்பதில் ஏதாவது ஒன்று கொஞ்சம் பிந்தி விழுமாம், அந்தப் பிந்தி விழுகிறதில்தான் விசயமே இருக்குதாம். நான் வயரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வயர் இழுபடாமல் பிடிப்பது பெரிய வேலை என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒன்பது வயதில் ஆளைச் சமாளிக்கச் சொன்ன பொய் எது என்று தெரியாமல் இருக்குமா?

ஒரேயொரு தடவை, அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், மாமா பெட்டியை ஸ்பீக்கரில் பூட்டினார். அன்றைக்குத்தான் அது என்னவென்று நானும் கேட்டேன். மூன்று பேரும் கட்டிலில் ஏறி ஆடினோம். அக்காவின் கால் அவ்வளவு வேகமாகப் போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணினால் அது முதல் ஐந்துக்குள் வரும். அம்மா வந்து செருப்பைக் கழற்ற முன்னமே, கட்டிலில் ஆடினோம் என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்குள் எதுவும் தங்காது. அதற்குப் பிறகு ஸ்பீக்கர் பூட்டப்படவில்லை.

சாமத்தியப்பட்ட பிள்ளையைப் பதினோராம் நாள் தண்ணி வார்த்துத் துடக்கு, அதாவது தீட்டு, கழிக்கும் வரைக்கும் ஆம்பிளைகள் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் முறை. யாழ்ப்பாணத்துப் பெரிய வளவு வீடுகளில் அது பெரிய காரியமில்லை. வெள்ளவத்தையில், ஒரு குளியலறை உள்ள வீட்டில், ஒரு பிள்ளையை இரண்டு ஆம்பிளைகளிடமிருந்து பதினொரு நாள் ஒளித்து வைப்பது என்றால் அது பொலிஸ் வேலை. அப்பாவும் மாமாவும் ஹோலில் பாய் போட்டார்கள். குளியலறைக்குப் போக முதல் இருமிக் காட்ட வேண்டும். அம்மா அறைக் கதவைச் சாத்தி, "ம், போகலாம்" என்பார். அப்பா இருமுவார், மாமா இருமுவார். கீழ் வீட்டுச் சிங்கள அன்ரி ஒருநாள் இருமலுக்கு நல்லதென்று கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

அறைக்குள் அக்காவுக்குத் தனிப் பாய், தனிக் கோப்பை, தனித் தட்டு. விடிய எழும்பினால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மத்தியானம் உழுத்தங்களியும் கத்தரிக்காயும். அவள் தொட்ட கோப்பையை அம்மா வேறாகக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைப்பார். அறைக்குள் போய் வருகிற வேலை அம்மாவுக்கும் எனக்கும்தான்.

இரண்டாம் நாள் அக்கா சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். களிக்காக இல்லை. பதினோராம் நாள் மண்டபத்தில் சடங்கு என்று அம்மா அவளிடம் சொல்லியிருந்தார். சீலை உடுத்தி, வீடியோக்காரர் முன்னால் பின்பக்கமாக நடக்க, சினிமாப் பாட்டொன்று போட, அவள் சனத்துக்கு நடுவால் மெல்ல மெல்ல நடந்து மேடைக்குப் போக வேண்டும். பூத்தட்டோடு முன்னால் போவது நான். எனக்கு அது தேர்த் திருவிழா மாதிரி. அக்காவோ வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே காது சிவக்கிறவள். "எல்லாருக்கும் ஏன் காட்ட வேணும்?" என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டாள். "எல்லாப் பிள்ளையளுக்கும் செய்யிறதுதானே," என்றார் அம்மா. அதற்குப் பிறகு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான்.

சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருவதை மாமா ஹோலில் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் பின்னேரம், அம்மா மாடியில் உடுப்புக் காயப்போடப் போன நேரம், பெட்டியைத் துவாயில் சுற்றி என் கையில் தந்தார்.

"அக்காட்டைக் குடு. சினிமாப் பாட்டு வேண்டாம், நீ நடக்கிற பாட்டை நீயே செய் எண்டு மாமா சொன்னவர் எண்டு சொல்லு. மண்டபத்தில நான் போடுறன். அம்மாவை நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் அப்படியே போய்ச் சொன்னேன். அக்கா எழுந்து உட்கார்ந்து துவாயை அவிழ்த்தாள். பொத்தான்களை ஒருதரம் தடவினாள். பிறகு, "மாமா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டாள், ஏதோ வெளிநாட்டில் இருப்பவரை விசாரிப்பது போல. அவர் கதவுக்கு அந்தப் பக்கம் எட்டடி தூரத்தில் இருந்தார். அன்றிரவு தட்டு வழித்துத் துடைத்தபடி திரும்பி வந்தது.

அன்றிலிருந்து ஆறேழு நாள் நான் தபாற்காரி. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பெட்டி துவாய்க்குள் உள்ளே போகும். அக்கா போர்வைக்குள் இருந்து அரைமணி நேரம் டிக் டிக். பிறகு வெளியே வரும். மாமா கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், சில நேரம் மூக்கை உறிஞ்சுவார். பிறகு ஏதாவது மாற்றி வைத்து, அம்மா பார்க்காமல் இருக்க அலுமாரி மேலே, சாமிப்படங்களுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். செய்திகளும் என் வாயால்தான் போகும். 'நாலாவது வரிசையில மூண்டைக் குறைக்கட்டாம்.' 'குறைக்க ஏலாதாம், அது றெயின் போற சத்தமாம்.' கடற்கரைத் தண்டவாளத்தில் போகிற றெயின் எங்கள் வீட்டுக் கோப்பைகளை ஆட்டுவது எல்லாருக்கும் தெரியும். அதை அவள் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள். எந்தச் செய்தியிலும் என் பெயர் வரவில்லை. கடிதத்தைக் கொண்டு போகிறவருக்குக் கடிதம் வராது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று விடியவே, மாமா வேலைக்குப் போக முதல், பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு நான் வெளியே வராமல் நின்றேன்.

"நானும் ஒண்டு அமத்தட்டே?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம்."

"ஒரேயொண்டு."

"வேண்டாமெண்டா வேண்டாம்." அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஆறு வரிசை நிரம்பியிருந்தது. கடைசி எட்டாவதை மாமா நிரப்பியிருந்தார். ஏழாவதுக்குத் திருப்பினால் பதினாறு பொத்தான்களும் இருட்டாகக் கிடந்தன. அதைக் கண்டு நான் கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏழாவதில ஆரும் கை வைக்கக் கூடாது. மாமாவும்தான். போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். மாமா சிரித்து, "ஓம் ஓம், எனக்குத் தெரியும்," என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது! எனக்குக் கண் எரிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் ஏழு வரிசை காணாது, மிச்சமிருக்கிற ஒன்றைச் சும்மா இருட்டாக வைத்திருந்தாலும் வைத்திருப்பார்கள், எனக்குத் தர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் துவாய்க்குள் சுமந்தது நான்.

பள்ளிக்கூடத்தால் வந்தபோது குசினியில் அம்மா அக்காவின் கோப்பையை மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். அந்த நேரம் என் குரல் எவ்வளவு நல்ல பிள்ளையின் குரலாக இருந்தது என்பது இன்றும் எனக்குக் காதில் கேட்கிறது.

"அம்மா, அக்கா தொட்டதெல்லாம் கழுவுறியளே, மாமாட பெட்டியை ஏன் கழுவேல்லை?"

அம்மாவின் கை நின்றது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் உண்மையே சொன்னேன். பெட்டி எத்தனை நாளாகப் போய் வருகிறது, எங்கே வைக்கப்படுகிறது. சாமிப்படங்களுக்குப் பின்னால் என்றதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். கோபம் இல்லை, பயம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அப்போது அவர் அடிக்காததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அவர் உடனே யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியம்மாவுக்கு அழைப்பெடுத்தார். எங்கள் குடும்பத்தில் முறை விசயங்களுக்கு மேலிடம் அவர்தான். தொலைபேசியில் அம்மா குரலைத் தாழ்த்தி, "கரண்டில வேலை செய்யிற சாமானுக்கும் துடக்கு இருக்கோ அக்கா?" என்று கேட்டார். பெரியம்மாவிடம் இப்படியொன்றை அதுவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில், "தொட்டது தொட்டதுதானே," என்ற அவருடைய குரல் எனக்கே கேட்டது.

அம்மா அந்தப் பெட்டியைக் கழுவியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தம்பியின் ஆசைச் சாமான் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கவனம். வெறுமனே தெளித்து விட்டிருந்தால்கூடத் தப்பியிருக்கும். மெல்லிய சேலைத் துண்டை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு பொத்தானாக, பொத்தானுக்கும் பொத்தானுக்கும் இடையில், வயர் பூட்டும் ஓட்டைகளுக்குள்ளும் விரலை விட்டு, குழந்தைக்குக் காது துடைப்பது போலத் துடைத்தார். பிறகு மாவிலையால் மூன்று தரம் தெளித்தார். மனம் ஆறாமல் இன்னொரு தரமும் தெளித்தார். துடைத்து முடித்துச் சன்னலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார்.

மாமா வேலையால் வந்து பெட்டியைத் தேடினார். சன்னலில் கண்டார். பூட்டிப் போட்டார். பச்சை வெளிச்சம் முதல் பொத்தானிலிருந்து கிளம்பி, ஆறாவதோ ஏழாவதோ வரைக்கும் வந்து, நின்று, அணைந்துபோனது. உள்ளே ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. மாமா விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். அந்தக் கையும் மஞ்சள்தான்.

"தம்பி, நான் துடைச்சுத்தான் விட்டனான்," என்றார் அம்மா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அது பழசு அக்கா. எப்பவோ போயிருக்க வேண்டியது. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை," என்றார் மாமா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். அங்கே அம்ப்ளிஃபயர், ரேடியோ எல்லாம் திருத்துகிற முஸ்லிம் அண்ணர் ஒருவர் இருந்தார், மாமா அவரை நானா என்பார். கடை என்றால், இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு மேசை. மாமா அவரிடம், "நானா, தேத்தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சு. என்ர பிழைதான்," என்றார்.

நானா திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே பச்சைப் பலகை முழுவதும் மஞ்சள் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஒங்கட ஊட்டுல தேத்தண்ணிக்கு மஞ்சள் போட்டா குடிக்கிற?"

மாமா கழற்றிய திருகாணிகளை ஒன்றொன்றாக அடுக்கினார். நானாவும் மேலே கேட்கவில்லை. பிரஷ்ஷால் துடைத்து, ஏதோ வைத்து முகர்ந்து, கம்பியால் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு உசிரு வரும். ரெண்டு கெழம போகும். உள்ளுக்கு வெச்சிருந்த பாட்டெல்லாம் போயிட்டு. அது இனி வராது," என்றார்.

"அது இல்லாட்டி இது வேண்டாம் நானா," என்று மாமா சொன்னார். பெட்டியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சன்னல் பக்கம் தந்தார், பொரளையில் இறங்கி ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். நான் முழுவதையும் சாப்பிட்டேன். சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ இடித்தது. எதுவும் தங்காத என் வாய்க்குள் அன்றைக்கு முதன்முதலாக ஒன்று தங்கியது. அவர் அம்மாவைக் காப்பாற்றத்தான் தேத்தண்ணி என்று பொய் சொன்னார் என்றும், எனக்கும் இதற்கும் தொடர்பிருப்பது அவருக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் பெட்டி ஏன் வரவில்லை என்று கேட்டாள். மாமா வீட்டில் இல்லை என்றேன். அவர் இருமுகிற சத்தம் அப்போது கேட்டது.

ஞாயிறு காலை குளியலறை வாசலில் சனம். அக்காவைப் பலகையில் இருத்தி, எல்லாரும் பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்தார்கள். மாமா தேங்காய் உடைத்துவிட்டுச் செம்போடு உள்ளே வந்தார். பதினொரு நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா புருவத்தைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டாள். மாமா தலையை மிகச் சின்னதாக ஆட்டினார், இல்லை என்று. பிறகு தண்ணீரை ஊற்றினார். அக்காவின் முகம் கோணியது. "பால் கண்ணுக்குள்ள போட்டுது, துடைச்சு விடுங்கோ," என்றார் யாரோ மாமி. நானும் பால்தான் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். வீடியோக்காரர் பின்பக்கமாக நடந்தார். நான் பூத்தட்டோடு, பழகியபடி, பாட்டுக்குக் கால் வைத்து நடந்தேன். அக்கா பின்னால் சரியாக வரவில்லை. பாட்டு ஓரிடத்தில் போக, அவள் கால் இன்னோரிடத்தில் விழுந்தது. இரண்டடி சரியாக வைப்பாள், மூன்றாவது பிந்தும். இரண்டு தரம் என் குதிகாலை மிதித்தாள். "பாத்து நட பிள்ளை," என்று அம்மா ஓரத்திலிருந்து கிசுகிசுத்தார். சீலை தடக்குகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவள் தலை குனிந்திருக்கவில்லை. காதும் சிவக்கவில்லை. தூணோடு சாய்ந்து நின்ற மாமாவைப் பார்த்தபடி நடந்தாள். மாமாவின் விரல்கள் வேட்டிக்கு மேலே, தொடையில், ஏதோ தட்டிக்கொண்டிருந்தன. மாமாவுக்குக் கை நடுங்குகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் மேடைக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு அக்காவும் மாமாவும் சன்னலோரம் உட்காரவில்லை. பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று அம்மா சொன்னார். பெட்டி துவாயோடு அலுமாரிக்கு மேலே கிடந்தது. மாமா இரண்டு வருசத்தில் கனடாவுக்குப் போய்விட்டார். அதைக் கொண்டு போகவில்லை.

நாலு வருசம் கழித்து அதே அறையில், அதே பாயில், நான் இருந்தேன். எனக்குப் பதின்மூன்று, அக்காவுக்குப் பதினாறு. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ களித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்டைக்கு மண்டபத்தில நான் எந்தப் பாட்டுக்கு நடந்தனான் தெரியுமே?"

"அந்தச் சினிமாப் பாட்டுக்கு."

அவள் சிரித்தாள். தட்டைக் கவிழ்த்து, கரண்டியாலும் விரலாலும் தட்டத் தொடங்கினாள். இரண்டு சரியாக விழுந்தது, மூன்றாவது பிந்தியது. எனக்கு முதலில் என் குதிகால் நினைவுக்கு வந்தது. பிறகு மாமாவின் வேட்டியும் அந்த விரல்களும். அடுத்து, கோப்பைகளை ஆட்டிக்கொண்டு போகிற றெயின். முழுவதும் அவளுக்குப் பாடமாக இருந்தது. அந்த மண்டபத்தில் இருநூறு பேருக்கு ஒரு பாட்டும், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் இன்னொரு பாட்டும் கேட்டிருக்கிறது.

"ஏழாவது வரிசை?" என்று கேட்டேன். நாலு வருசமாகியும் அது ஆறவில்லை.

"அது உனக்கு வச்சிருந்தது," என்றாள். "நீதானே எனக்கு முன்னால நடக்கிறனீ. உனக்கொரு வரிசை வேணும் எண்டு முதல் நாளே துண்டெழுதித் துவாய்க்குள்ள வச்சு மாமாட்டைச் சொன்னனான். வேற ஆரும் அதில கை வைக்கப்படாது எண்டு."

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"உன்னட்டைச் சொல்லுறதும் அம்மாட்டைச் சொல்லுறதும் ஒண்டுதானே. சனிக்கிழமை பின்னேரம் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

பெட்டி வெள்ளிக்கிழமை செத்தது. நான் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். நாலு வருசமாக உள்ளே தங்கியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன் என்று அழுதபடி சொன்னேன்.

"தெரியும்," என்றாள் அக்கா. "மாமாவுக்கும் அண்டைக்கே தெரியும். வேற ஆர் சொல்லப் போகினம்?"

ஐஸ்கிறீம் முழுவதும் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணி என்று சொன்ன பொய் அம்மாவுக்காக மட்டும் இல்லை.

அக்கா என் கன்னத்தைத் தன் கையால் துடைத்தாள். என்னைத் தொட்டதற்கு அவள் பிறகு கை கழுவினாளோ தெரியாது. தட்டைத் திரும்பவும் எனக்கும் தனக்கும் நடுவில் இழுத்து வைத்து, முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள். "இப்ப போடு," என்றாள். ஒன்பது வயதில் கிடைத்திருந்தால் பதினாறு பொத்தான்களையும் ஒன்றும் விடாமல் அமத்தியிருப்பேன். பதின்மூன்று வயதில் நான் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கே விழுவது என்று தெரியாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் போய், திரும்ப முதலிலிருந்து வந்து, எனக்காக இன்னொரு சுற்றுப் போனாள்.